பதாகையைக் கட்டுபவருக்கே அதை இறக்கும் பொறுப்பும் வேண்டும்

கடந்த சோழகக் காற்றுக் காலத்தில் ஒரு மாலை, எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சந்தியில் இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டியிருந்த வாழ்த்துப் பதாகையொன்று, கயிறு இற்று அறுந்து, ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு மாணவனின் மேல் விழுந்தது. பின்னால் வந்த பஸ்ஸின் சாரதி நிதானமானவர் என்றபடியால் பிள்ளை முழங்கைக் காயத்தோடு தப்பினான். அந்த வாழ்த்துக்குரிய நிகழ்வு முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. பதாகையின் கீழே ‘நண்பர்கள்’ என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

யாழ்ப்பாணம் மாநகர சபை தன் எல்லைக்குள் உள்ள விளம்பரப் பலகைகள், பெயர்ப் பலகைகள், பதாகைகள் பற்றிய விதிகளை இன்றைய நிலைக்கேற்பத் திருத்த வேண்டும் என்று நான் கேட்பதற்கு நகரின் அழகு மட்டும் காரணமல்ல. வீதியின் மேல் தொங்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்த ஒரு பொறுப்பாளியும், அது இறக்கப்பட வேண்டிய திகதியும் இருக்க வேண்டும். அவை இரண்டும் அனுமதி இலக்கத்தோடு பதாகையிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்கியிருக்கிறது. சபை நிறைவேற்றும் துணைவிதி உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே வலுப்பெறும். ஆகவே ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, மறுநாள் இரண்டு தொழிலாளரை அனுப்பிச் சில பதாகைகளை அறுத்து முடிக்கக்கூடிய காரியம் அல்ல இது. விளம்பரக் கட்டணம் வழக்கமாகச் சதுர அடிக் கணக்கில் அறவிடப்படுகிறது. சபைக்கு வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பணம் கட்டிய பலகையும் கட்டாத பலகையும் சந்தியில் திரும்புபவரின் பார்வையை ஒரே அளவில்தான் மறைக்கின்றன.

தகரத்தில் எனாமல் வர்ணத்தால் பெயர் எழுதிய காலத்தில் ஒரு பலகை தயாராகச் சில நாட்கள் செல்லும். செலவு செய்து எழுதுவித்த கடைக்காரர் அதை ஒழுங்காகப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் பேணினார். டிஜிட்டல் அச்சு வந்தபின், காலையில் கொடுத்த படம் மாலைக்குள் பிளெக்ஸ் ஆகிக் கம்பத்தில் ஏறிவிடுகிறது. ஏறுகின்ற வேகத்துக்கு ஈடாக எதுவும் இறங்குவதில்லை. கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் பற்றிப் பேச மனம் தயங்குகிறது. துயரத்தில் இருக்கும் வீட்டாரிடம் அனுமதிப் பத்திரம் கேட்பது யாருக்கும் இலகுவல்ல. ஆனால் 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து பல மாதங்களின் பின்னும், மழையில் கிழிந்து நிறம் மங்கிய முகத்தோடு ஒரு பெரியவர் மதில் ஓரத்தில் தொங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. அத்தகைய பதாகைகளுக்குக் கட்டணமே வேண்டாம், 31 நாட்கள் என்ற எல்லை மட்டும் போதும் என்பது என் கருத்து.

கல்வி நிலையங்கள் பரீட்சைப் பெறுபேறுகளோடு சிறுவர்களின் படங்களையும் பெயர்களையும் சந்திகளில் ஏற்றுவது வேறொரு கவலை. பத்து வயதுப் பிள்ளையின் புள்ளிகளை ஊர் முழுவதும் வாசிக்கத்தான் வேண்டுமா? பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமாவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் வீதி நடுவே வைத்திருந்த பதாகையொன்று ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண்ணின் மேல் விழ, அவர் தடுமாறிப் பின்னால் வந்த தண்ணீர் லொறியில் அகப்பட்டு உயிரிழந்தார். 2024 மே 13ஆம் திகதி மும்பை காட்கோபரில் புயற்காற்றில் ஒரு விளம்பரப் பலகை பெற்றோல் நிலையத்தின் மேல் சரிந்து 17 பேரின் உயிரைக் குடித்தது. 40 அடிக்கு 40 அடி என்ற உச்ச அளவு இருந்த நகரத்தில் அது 120 அடிக்கு 120 அடியாக நின்றது. எங்கள் பலகைகள் அவ்வளவு பெரியவை அல்லதான். ஆனால் கடலால் சூழப்பட்ட குடாநாட்டில் உப்புக்காற்று இரும்பை விரைவாகத் தின்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் செய்தவற்றை நாங்கள் மறக்கவில்லை. கூரைகளின் மேல் நிற்கும் விளம்பரப் பலகைகளின் இரும்புச் சட்டகங்களை ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சான்றளித்த பின்பே அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டும். இரவில் கண்ணைக் கூசவைக்கும் எல்.ஈ.டி. திரைகளுக்கு ஒளியளவும் அணைக்கும் நேரமும் குறிக்கப்பட வேண்டும்; சந்திகளில் அசையும் படங்கள் வேண்டவே வேண்டாம்.

இவற்றை நடைமுறைப்படுத்துவதில் உண்மையான சிக்கல் ஒன்றுண்டு. கண்டி வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. உள்வீதிகள் மாநகர சபையினுடையவை. மின்கம்பம் இன்னொருவருடையது, தொலைபேசிக் கம்பம் வேறொருவருடையது. அந்த மாணவன் மேல் பதாகை விழுந்த அன்று நான் தொலைபேசியில் கேட்ட ஒவ்வோர் இடத்திலும் மற்ற இடத்தையே காட்டினார்கள். எவருடைய கம்பமாக இருந்தாலும், முறைப்பாட்டை ஏற்று 24 மணித்தியாலத்துக்குள் இறக்கும் ஒரே அலுவலகம் எது என்பதைத் துணைவிதியே பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். கட்சிப் பதாகைக்கும், கோயில் திருவிழாப் பதாகைக்கும், சபையின் சொந்த வரவேற்புப் பதாகைக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.

அனுமதி கொடுக்கும்போது ஒரு வைப்புப் பணம் வாங்கி, பிளெக்ஸைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு அதை மீளக் கொடுக்கலாம். பிளெக்ஸ் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய துணி. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் உக்காது. அன்று விழுந்த பதாகையை நானும் அயலவர் ஒருவரும் வீதியிலிருந்து இழுத்துச் சுருட்டினோம். எங்கே ஒப்படைப்பது என்று கேட்டும் பதில் கிடைக்காததால், அது இன்னும் எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலில் கிடக்கிறது.