லமலேராவில் சொத்து இல்லை என்பது சரியல்ல

இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவின் தென்கரையில் உள்ள திமிங்கல வேட்டைக் கிராமமான லமலேரா பற்றி நீங்கள் எழுதியது நல்ல கட்டுரை. ஆனால் அதில் "அங்கே யாருக்கும் சொந்தம் என்று எதுவும் இல்லை, எல்லாம் பொது" என்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்கு எது சொந்தம் என்பதில் அந்த ஊர் மிகக் கறாரானது.

ஆணியே அடிக்காமல், மர முளைகளால் இணைத்துக் கட்டும் 'தேனா' படகு தனி ஆளுக்குச் சொந்தமல்ல. ஒரு குலத்தின் பங்காளிகளுக்குச் சொந்தம். எண்ணெய்த் திமிங்கலம் கரைக்கு வந்ததும் கண்டபடி வெட்டிக்கொண்டு போக மாட்டார்கள். எந்தப் பாகம் யாருக்கு என்பது முன்பே முடிவானது. படகின் முனையிலிருந்து ஈட்டியோடு கடலில் பாயும் 'லமாஃபா'வுக்கு ஒரு கூறு, துடுப்புப் போட்டவர்களுக்குக் கூறு. கடலுக்கே போகாத ஆசாரி, ஈட்டி முனை அடித்த கொல்லர், படகுப் பாய் முடைந்தவர் ஆகியோருக்கும் உண்டு. அந்த மண்ணின் பூர்வ குலத்தாருக்குத் தலைப்பகுதியில் உரிமை. அப்புறம்தான் உறவுக்காரர், விதவைகள் வீடுகளுக்கு இறைச்சி போகும்.

பெண்களைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு நிறுத்திவிட்டது, அதுதான் எனக்குப் பெரிய குறை. காயவைத்த திமிங்கல இறைச்சியைத் தலையில் சுமந்து வுலாண்டோனி சந்தைக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடப்பவர்கள் அவர்கள். பணம் இல்லாமல், மக்காச்சோளம், வாழைப்பழம், மரவள்ளிக்கு மாற்றி வருகிறார்கள். பாறை நிறைந்த அந்தக் கரையில் விவசாயம் சொல்லும்படி இல்லை. வீட்டில் சோளம் இருப்பது இவர்கள் நடையால்தான். அடுத்த பகுதியில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.