"நீங்களும் போன் தான டீச்சர் பாக்குறீங்க"

வாத்தியார் தெருவுல வந்தா சைக்கிள விட்டு இறங்கி நிப்போம், இந்த காலத்து பசங்க இருக்கானுங்களேன்னு மாசத்துக்கு ஒரு பதிவாச்சும் கண்ணுல பட்டுடுது, கீழ போய் பாத்தா "பிரம்ப புடுங்குனாங்க பாரு, அன்னிக்கே போச்சு"ன்னு வரிசையா கமெண்ட். நானும் இறங்கி நின்னவன் தான். ஆறாவது சேக்கும்போது எங்கப்பா "கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க சார்"னு சொல்லிட்டு போனாரு, சாரும் குறையே வைக்கல. ஆனா அவரு போர்டு பக்கம் திரும்புனதும் நாங்க கூப்ட்ட பட்டப்பேர இங்க எழுதுனா பேஸ்புக்காரன் என் அக்கவுண்ட்ட தூக்கிடுவான். அதுக்கு பேரு பயம்ங்க, நாப்பது வயசானதும் மரியாதைன்னு பேர மாத்திக்கிட்டோம்.

எங்க அக்கா கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். போன வருஷம் ஒன்பதாவது கிளாஸ், காலைல அட்டெண்டன்ஸ ஆப்ல ஏத்திட்டு இருந்திருக்கா, சர்வர் சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்கு நடுவுல அந்த பட்டியல் எங்கன்னு ஆபிஸ்ல இருந்து வாட்ஸ்அப். கடைசி பெஞ்சுல ஒருத்தன் டெஸ்க்குக்கு அடில போன நோண்டுறத பாத்து கைய நீட்டிருக்கா. அவன் குடுக்கல. "நீங்களும் போன் தான டீச்சர் பாக்குறீங்க"ன்னான். கிளாஸே சிரிச்சிருக்கு.

அக்காவுக்கு கோவத்த விட பதில் இல்லாம நின்னது தான் வலிச்சிருக்கு. அவன் சொன்னது பொய் இல்லையே. ஆசிரியர கல்வி சாராத வேலைக்கு அனுப்பக்கூடாது, மக்கள்தொகை கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மட்டும் விதிவிலக்குன்னு கல்வி உரிமைச் சட்டம் 27வது பிரிவுல இருக்கு. பசங்க விவரத்த எல்லாம் அரசு ஆன்லைன்ல ஏத்துற எமிஸ் எண்ட்ரி எல்லாம் எதுல வரும்னு கேட்டா, அதுவும் கல்வி வேலைதானேம்பாங்க. சரி, பையனுக்கு அது எப்டி தெரியும்? அவன் கண்ணுக்கு டீச்சர் அவன பாக்காம போன பாக்குறாங்க, அவ்ளோதான்.

அதே சட்டத்தோட 17வது பிரிவு அடிக்கிறதையும் மனச நோகடிக்கிறதையும் சேத்தே தடை பண்ணிருக்கு, 2010 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. அது சரியான சட்டம் தான், எனக்கு அதுல ரெண்டு கருத்து இல்ல. ஆனா பிரம்ப வாங்கிட்டு கைல வேற என்ன குடுத்தோம்? கவுன்சிலர் வந்தாங்களா? இல்ல, டேட்டா எண்ட்ரி வந்துச்சு.

2022 ஏப்ரல் ஞாபகம் இருக்கா, திருப்பத்தூர் பக்கம் ஒரு பையன் வாத்தியார அடிக்க போன வீடியோ. அந்த வருஷம் பன்னெண்டாவதுல உக்காந்திருந்த செட்டு, கொரோனால பத்தாவது பரிட்சையே எழுதாம பாஸானவங்க, பள்ளிக்கூடத்த மறந்துட்டு திரும்பி வந்தவங்க. இப்டி நடந்துக்குற பசங்கள டிசில காரணத்த எழுதி அனுப்பிடுவோம்னு அப்போ பள்ளிக்கல்வி அமைச்சரா இருந்த அன்பில் மகேஷ் சொன்னாரு, நாம கை தட்டுனோம். அந்த டிசிய தூக்கிட்டு அந்த பையன் எந்த ஸ்கூல் வாசல்ல போய் நிப்பான்னு நானும் அன்னிக்கு யோசிக்கல, ஷேர் பண்ணேன். பையன் மூஞ்சிய கூட மறைக்காம.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். ரேங்க் கார்டு வந்த அன்னிக்கு புள்ளைய பக்கத்துல வெச்சுக்கிட்டே "அந்த மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாது, ட்யூஷன் மாத்திடலாம்"னு போன்ல பேசுறது யாரு? டீச்சருங்களுக்கு சும்மா சம்பளம்னு டீக்கடைல பேசுறது யாரு? சாயங்காலம் காதுல விழுந்தத தான் காலைல அவன் கிளாஸுக்கு எடுத்துட்டு போறான்.

எங்க வீடு மட்டும் என்ன ஒழுங்கு. போன ஞாயித்துக்கிழம என் பையன் அவங்க சயின்ஸ் மிஸ் நடக்குற மாதிரி, மூக்கால பேசுற மாதிரி நடிச்சு காட்டுனான், அச்சு அசல், நான் சோத்த துப்புற அளவுக்கு சிரிச்சேன். அக்காவும் பக்கத்துல உக்காந்து சாப்ட்டுட்டு இருந்தா, அவளும் சிரிச்சா. தட்ட எடுத்துட்டு எழுந்திருக்கும்போது கேட்டா, "என்னைய எப்டிடா நடிச்சு காட்டுவானுங்க?"

பையன் என் மூஞ்சிய பாத்தான். நான் ரசத்த ஊத்திக்கிட்டேன்.