டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போகிறவர்களுக்கு டன்லப் ஸ்ட்ரீட்டைத் தெரியாமல் இருக்காது. அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கும் தெரு. அந்தப் பெயருக்கும் டயர் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. சாமுவேல் டன்லப் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரியின் பெயர் என்றுதான் சொல்கிறார்கள். ராணுவத்திலிருந்து வந்து, 1870களில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் காவல்துறைத் தலைவராக இருந்தவர்.

ஆள் துணிச்சல்காரர், அதை மறுக்கவில்லை. மலாய் மாநிலமான பேராக்கைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்த 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீனக் குழுக்களின் சண்டையில் சீரழிந்து கிடந்த அங்குள்ள லாரூட் பகுதிக்கு அனுப்பப்பட்ட ஆணையர்களில் இவரும் ஒருவர். அங்கிருந்த அரண்களை இடிப்பதும், கடத்தப்பட்ட பெண்களைத் தேடி மீட்பதும் அவர்கள் வேலை. அடுத்த ஆண்டு பேராக்கில் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த பர்ச் கொல்லப்பட்டதும், காவல்துறைத் தலைவர் மறுபடி போருக்கே போனார். படைவீரர் வேலையும் காவலர் வேலையும் காலனி அரசுக்கு ஒன்றுதான்.

எனக்கு உறுத்துவது அங்கேதான். அன்றைய காவலர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்களும் தென்னிந்தியர்களும். ஊரிலோ சீனர்கள்தான் அதிகம். 1872-இல் பிக்கரிங் என்ற பிரிட்டிஷ்காரர் வரும்வரை சீனமொழி தெரிந்த ஐரோப்பிய அதிகாரி ஒருவர்கூட இங்கே இல்லை. அப்புறம் எப்படி மக்கள் நம்புவார்கள்? 1876-இல் சீனர்களுக்கென்று தனி அஞ்சலகம் திறந்ததும் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டே பிக்கரிங்கைச் சீனர் பாதுகாவலராக நியமித்தார்கள். அவர்கள் மொழியிலேயே குறை கேட்க அரசாங்கத்தில் ஓர் ஆள் கிடைத்தார். ஆனால் காவல்துறை போன வழி வேறு. 1881-இல் பஞ்சாபிலிருந்து 54 சீக்கியர்களை வரவழைத்தது. அவர்கள் நல்ல காவலர்கள், அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஊரோடு ஒட்டாத ஆள்தான் காவலுக்கு நல்லது என்று நினைத்த அந்தப் புத்தியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது பழங்கதை இல்லை. டன்லப் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் ரேஸ் கோர்ஸ் ரோடு. 2013 டிசம்பர் 8 இரவு அங்கே பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். அதையடுத்துக் கலவரம் வெடித்தது. உதவிக்கு வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் கலவரத்துக்கு ஒரு காரணம் என்றது விசாரணைக் குழு. குடியும் காரணம், சரி. ஆனால் சீருடையில் நிற்பவருக்கு அந்தத் தெருவில் புழங்கும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதிகாரிகளை எடுக்கும்போது உடல்திறனுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை மொழித்திறனுக்கும் கொடுக்க வேண்டும்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை, டன்லப் இருக்கட்டும். அவர் யார் என்று அந்தத் தெருவில் தமிழில் எழுதி வையுங்கள். அவருக்குக் கீழே ராத்திரி ரோந்து போன தென்னிந்தியக் காவலர்களைப் பற்றியும் நாலு வரி சேருங்கள். உங்கள் வீட்டில் பாட்டனார், பூட்டனார் யாராவது அந்தக் காலத்துக் காவல்துறையில் இருந்திருந்தால், பழைய படமோ கடிதமோ எதுவானாலும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.