வள்ளி திருமணத்தில் எந்தப் பாட்டை வெட்டுவது?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் 'வள்ளி திருமணம்' இசை நாடகம் போடப் போகிறார்களாம். கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். விடிய விடிய நடத்த முடியாது, ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கணும், சரி. ஆனால் "பாட்டையெல்லாம் எடுத்துட்டு வசனத்தை வச்சுக்குவோம், கதை புரிஞ்சா போதும்" என்று பேசிக்கொள்கிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தம்பிகளே, சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய அந்த நாடகத்தில் கதையே பாட்டுக்குள்தான் நடக்கிறது. வேடன் வேஷத்தில் வரும் முருகன், மானைத் தேடி வந்தேன் என்று தினைப்புனத்தில் நிற்கிற வள்ளியிடம் பாடுகிறான். அவன் பாடும் 'மேயாத மான்' எதிரே நிற்கிற வள்ளியேதான், பாட்டு பாதி போவதற்குள் கீழே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். வசனமாக்கி "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்ல வைத்தால் அந்தக் காட்சியில் என்ன மிச்சம் இருக்கும்? நாரதர் வள்ளி தர்க்கமும் அப்படித்தான். அவர் பாட்டில் போடுகிற கேள்விக்கு அவள் பாட்டிலேயே பதில் சொல்லி மடக்கும்போதுதான் வள்ளி எவ்வளவு கெட்டிக்காரி என்று நமக்குத் தெரிகிறது.

மேல்நாட்டு இசை நாடகத்திலும் இதைப் பார்க்கலாம். 1956-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வந்த 'மை ஃபேர் லேடி'யில் பூ விற்கும் எலைசாவுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் சரியான ஆங்கில உச்சரிப்பு வராமலே இருந்து, ஸ்பெயின் மழையைப் பற்றிய அந்த ஒரு வரி திடீரென்று சரியாக வாயில் வருகிறது, அங்கேயே பாட்டு கிளம்புகிறது. அதை எடுத்தால் நாடகமே நொண்டும். ஆனால் அதே நாடகத்தில் அவள் அப்பா தன் கல்யாணத்துக்கு முன்னால் கூட்டாளிகளோடு கும்மாளம் போடுகிற பாட்டை எடுத்துவிட்டால் எலைசாவின் கதைக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டுதான், இருந்தாலும் நேரம் இல்லையென்றால் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

அதற்காக வெளியிலிருந்து கொண்டுவரும் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1927-இல் வந்த 'ஷோ போட்' என்ற இசை நாடகத்தில் ஜூலி என்கிற பாத்திரம் பாடும் ஒரு பாட்டு, 1918-இல் வந்த வேறு நாடகத்துக்காக எழுதி ஒதுக்கி வைத்தது. கணவன் விட்டுப்போன பிறகு அவள் அதைப் பாடுவதால் அவளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. நீங்களும் சினிமாப் பாட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால், அதைப் பாடுவது யார், எந்த நிலைமையில் பாடுகிறார் என்று யோசித்து வையுங்கள். கைத்தட்டலுக்காக மட்டும் நடுவில் செருகாதீர்கள்.

பபூன் என்கிற கோமாளி வரும் காட்சியைக் குறையுங்கள், அறிமுகப் பாட்டுகளில் ஒரு சரணம் போதும். தர்க்கத்துக்கு மட்டும் முழுசாக இருபது நிமிஷம் கொடுங்கள். அப்புறம், பதிவுசெய்த இசையைப் போட்டுவிடாமல் ஹார்மோனியம் வாசிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். வள்ளி கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பதில் பாடினால் அவளுக்காகக் காத்திருந்து வாசிக்க ஆள் வேண்டும்.