அம்மாவை மிரட்டும் போன்

மத்தியானம் அம்மா கொஞ்சம் கண் அசரும் நேரம் பார்த்துத்தான் போலீஸ் வேஷம் போட்ட மோசடிக்காரர்களின் போன் வருகிறது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், வீடியோ காலை அணைக்கக் கூடாது." அப்படி ஒரு கைதே இந்தியச் சட்டத்தில் கிடையாது! காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கை நடுங்குகிற வயதானவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களுடைய பென்ஷன் பணத்தைக் குறிவைக்கிறார்களே, வயிறு எரிகிறது. ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொன்றிலிருந்து கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கூப்பிட்டாலே போனை எடுக்க அம்மா பயப்படுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. (பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். தாமதித்தால் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிவிடுவார்கள்.) சரி, இவர்களுக்கு சிம் கொடுத்தவர்களும் கணக்கு திறந்துகொடுத்த வங்கிகளும் பதில் சொல்ல வேண்டாமா?