‘ஒரே யோசினையாக் கிடக்கு தம்பி’

ஊத்தங்கரை பக்கம் பதினாலு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து கடைக்கு வரும் ஒரு அம்மாவைப் பற்றி, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பேரனோடு வந்திருந்தார். வழக்கம்போல வாயு மாத்திரை, தலைவலித் தைலம். சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது கல்குவாரியில் வெடி வைத்தார்கள். நமக்குப் பழகின சத்தம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த அம்மா அப்படியே படியோரம் குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பையனும் குந்தினான். முழங்காலுக்குள் தலையை விட்டு, அச்சு அசலாக அவரைப் போலவே. அவனுக்கு ஒன்பது வயசு. இங்கேயே பிறந்தவன். ஷெல் குண்டுச் சத்தம் எப்படி இருக்கும் என்றே தெரியாதவன். எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவர் கேட்டது, "எவ்வளவு தம்பி?"

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "நித்திரை வருகுதில்லை. நெஞ்சு படபடக்குது. ஒரே யோசினையாக் கிடக்கு." நான் படபடப்பை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பிரஷர் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நமக்கு யோசனை என்றால் ஐடியா. அவர்கள் பேச்சில் யோசினை என்றால் மனசை உட்கார்ந்து அரிக்கிற கவலை. 1990-ல் மன்னாரிலிருந்து படகேறியவர் அவர். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்கிறார். ஒரு ஆளோடு நிற்காது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பிடிக்கும். அந்தப் பையன் குந்தியதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கே நடந்தது பாதி. மீதி இங்கே. மாதாமாதம் முகாமில் செக்கிங் உண்டு, ஆள் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தின நாள் என் கடையில் தலைவலி மாத்திரை கூடுதலாகப் போகும். பெயிண்டிங் வேலைக்கு ஓசூர், பெங்களூரு என்று போனவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவார்கள். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், பணக்கொடையை உயர்த்தினார்கள், புது வீடுகள் அறிவித்தார்கள். மனசார வரவேற்கிறேன். ஆனால் குடியுரிமை இல்லை. 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. இந்த மண்ணில் பிறந்த பையனுக்கும் அதே கதிதான். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் முப்பது வருஷம் படுத்து எழுந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணலாமே என்பார்கள். நல்ல சேவை, நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்துக்குப் பத்து வீட்டில் மருமகள் காதில் விழாமல் எங்கே நின்று பேசுவது? கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. மனசுக்கும் ஒரு ஆள் வரட்டும். சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் திரும்பின பிறகு. பாம்பாறுக்கு மட்டுமில்லை, தருமபுரி பக்கம் வாணியாறு, தும்பலஅள்ளி, நாகாவதி அணை முகாம்களுக்கும். முகாமிலேயே டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுங்கள். கவுன்சிலிங்குக்கு இலங்கையில் உளவளத்துணை என்று அழகான சொல் வைத்திருக்கிறார்கள். ‘யோசினை’ என்றால் என்னவென்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேற்று அந்த அம்மாவிடம் கேட்டேன், அப்படி ஒருத்தர் வந்தால் பேசுவீங்களாம்மா என்று. தைலத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்.

"வந்தாக் கதைப்பன் தம்பி. செக்கிங் நாளில மட்டும் வேண்டாம்."