வெள்ளைச் சட்டை ஏன் மஞ்சளாகுது?

பள்ளிக்கூட யூனிபோம் மஞ்சளாகத் தொடங்கினால் முதலில் ஏச்சு வாங்குவது புள்ள. பிறகு பவுடர். கடைசியில் கடைக்குப் போய் ஒரு பிளீச் போத்தல் வாங்கி வருவார்கள். பல சட்டைகளின் கதை அந்தப் போத்தலோடுதான் முடியுது.

கோளாறு தண்ணியில் இருக்கலாம். குழாய்க்கிணற்றுத் தண்ணியை இறைத்த உடன் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அடியில் செம்மஞ்சள் மண்டி, மேலே எண்ணெய் போல ஒரு படை. இரண்டும் இருந்தால் இரும்புத் தண்ணிதான். கரைந்திருக்கும்போது இரும்புக்கு நிறம் தெரியாது. காற்றுப் பட்டு மெல்ல மெல்லத் துருவாகும். பிளீச் அதே வேலையை நிமிசத்தில் முடித்து, துருவை நூலுக்குள்ளேயே படிய வைக்கும். மஞ்சள் கூடக் கூட இன்னும் பிளீச் ஊற்றுவோம்.

செய்ய வேண்டியது லேசான வேலை. முதல் நாளே தண்ணியை உயரத்திலிருந்து பீப்பாயில் விழவிட்டு, ஆடாமல் வையுங்கள். அடுத்த நாள் மேல்தண்ணியை மட்டும் கோப்பையால் அள்ளித் தோயுங்கள். அடிமண்டியைத் தென்னைக்கு ஊற்றலாம். ஏற்கனவே விழுந்த கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி, அரை மணித்தியாலம் வெயிலில் விட்டு அலசுங்கள். ஒரே தரத்தில் போகாது, இரண்டு மூன்று தரம் செய்ய வேணும். ஒரு கவனம்: பிளீச் பட்ட துணியில் தேசிக்காயோ வினாகிரியோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிராபத்து.

நீலம் போடுகிறவர்களுக்கும் ஒன்று. நீலம் ஊத்தையை எடுப்பதில்லை, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்குது, அவ்வளவுதான். சொட்டுகளை முதலில் ஒரு கோப்பைத் தண்ணியில் கலக்கி, பிறகு வாளிக்குள் ஊற்றி, அதன் பிறகுதான் சட்டையைப் போட வேணும். சட்டை மேலே நேராக விட்டால் தோளில் நீலத் திட்டு நிற்கும்.

மட்டக்களப்பில் எழுவான்கரைப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற வீடுகளில் சிக்கல் வேறு. உவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது. தண்ணியிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து ஒட்டுப்பசை மாதிரி ஒரு வெள்ளை மண்டியாகித் துணியிலேயே படியும். துணி நரைக்கும், விறைக்கும், அடுத்த ஊத்தையையும் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணிக்குக் கட்டிச் சவர்க்காரத்தை விடப் பவுடர்தான் சரி. பத்து லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். மூன்றாவது அலசலிலும் கையில் வழுக்கினால் போட்டது கூட. மாரியில் கூரைத் தண்ணி கிடைத்தால் கடைசி அலசலுக்கு அதை எடுங்கள், உப்பும் போய்விடும். உப்பு மிஞ்சின துணி காற்றில் ஈரத்தை இழுக்கும். காய்ந்தும் காயாத மாதிரி இருப்பது அதனால்தான்.

மாரி என்றதும் அந்த மணம். கார்த்திகை, மார்கழியில் விறாந்தையில் இரண்டு நாள் தொங்கிய சட்டை, உடுக்கும்போது மணக்காது. பஸ்ஸில் ஏறி முதுகு வேர்த்ததும் தொடங்கும். பவுடர் குறைவாகப் போட்டதால்தான் இது என்பது தப்புக் கணக்கு. ஜப்பான் ஆய்வாளர்கள் 2012இல் இந்த மணத்துக்குக் காரணமான கிருமியைக் காட்டினார்கள்: மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ். துணி காய்ந்தாலும் வெயில் பட்டாலும் மற்றக் கிருமிகள் மாதிரி இலகுவில் சாகாது. வேர்வை ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கும். பருத்தித் துணிக்குச் சூடுதான் மருந்து. கொதித்த தண்ணி ஒரு பங்கு, பச்சைத் தண்ணி ஒரு பங்கு சேர்த்தால் கிட்டத்தட்ட 60 பாகை. அதில் அரை மணித்தியாலம் ஊறட்டும். சாயத் துணியை அதில் போடாதீர்கள். காயப்போடும்போது துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, பக்கத்தில் மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். கொடியில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவதுதான் பாதி மணத்துக்குக் காரணம்.

விளையாட்டு ஜேசி இன்னும் மோசம். பெல்ஜியத்தில் 2014இல் 26 பேர் உடற்பயிற்சி செய்து கழற்றிய ரீசேட்டுகளை 28 மணித்தியாலம் அடைத்து வைத்துப் பார்த்ததில், பருத்தியை விடப் பொலியெஸ்டர் கடுமையாக நாறியது. நாற்றம் கிளப்பும் மைக்ரொகொக்கஸ் அதில்தான் செழித்தது. அந்தத் துணி தண்ணியைக் குடிக்காது, உடம்பு எண்ணெயை விடாது. மைதானத்தால் வந்த ஜேசியைப் பையில் சுருட்டி வைத்தால் அந்த ஆய்வை வீட்டிலேயே நடத்துகிறோம். உடனே அலசி விரித்தால் போதும், பவுடர் மறுநாள் போடலாம்.

தினமும் எல்லாவற்றையும் தோய்க்க வேணுமா என்றால், எனக்கு அதில் உடன்பாடில்லை. கனடாவில் அல்பேர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரு ஜீன்ஸை 15 மாதம் தோய்க்காமல் உடுத்தார். பிறகு தோய்த்து 13 நாள் உடுத்துப் பரிசோதித்தபோது கிருமிக் கணக்கு ஏறத்தாழ அதேதான். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற எட்மன்டன் நகரத்துக் குளிரை மட்டக்களப்பு வெயிலுக்குக் கொண்டுவர ஏலாது என்பது தெரியும். ஆனாலும் இரண்டு மணித்தியாலம் கல்யாண வீட்டுக்கு உடுத்த காற்சட்டையைக் கல்லில் அடிக்கத் தேவையில்லை. உட்பக்கம் வெளியே திருப்பி, ஒரு இரவு காற்றில் போடுங்கள். உள்ளாடை, காலுறை, அக்குள் படுகிற சட்டை மட்டும் ஒருநாளும் இந்தச் சலுகைக்குள் வராது. மருதமுனைச் சாரனை வீட்டில் மட்டும் உடுத்தால் மூன்று நாள் தாராளமாகப் போகும்.